"ஒத்துக்கல" என்று நாம் நிறுத்திவிடும் அந்த முதல் பத்து நாள்

மூன்றாவது நாளே மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டில் "எனக்கு ஒத்துக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. நம் வீடுகளில் "ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த ஒரு வார்த்தையால் எனக்கு ஐந்து மாதம் வீணாகப் போனது. இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது அப்படிப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆக்லாந்தில் இருப்பவர்களுக்கு ஹார்பர் பிரிட்ஜைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எட்டு லேன், நடுவில் வண்டியை நிறுத்த இடம் கிடையாது. மவுன்ட் ராஸ்கிலில் வீடு, நார்த் ஷோரில் வேலை. வருஷக்கணக்கில் தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டியவள் நான். ஒருநாள் காலை, பாலத்தின் ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் எல்லாம் மரத்துப்போனது. மூச்சு இழுத்தால் உள்ளே போகவில்லை. இதோ சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். எப்படியோ பாலத்தை இறங்கி, ஓரமாக நிறுத்தி, 111-ஐக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது" என்று சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஆறு வாரத்தில் அது திரும்பத் திரும்ப வந்தது. சூப்பர் மார்க்கெட் வரிசையில் ஒரு தடவை. தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பி ஒரு தடவை. என் ஜி.பி. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு "பேனிக் டிஸார்டர்" என்றார். செர்ட்ராலின் 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். "வேலை செய்ய சில வாரம் ஆகும்" என்றார். பதினைந்து நிமிட அப்பாயின்ட்மென்டில் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வயிற்றைப் புரட்டியது. மூன்றாம் நாள், உடம்புக்குள் யாரோ மோட்டார் போட்டு விட்ட மாதிரி ஆகிவிட்டது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். எந்தப் படபடப்புக்காக மாத்திரை சாப்பிட்டேனோ, அதே படபடப்பு இப்போது இரண்டு மடங்கு. திருச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இந்த மாத்திரையெல்லாம் ஆரம்பிச்சா விடவே முடியாதுடி. ஒத்துக்கலைன்னா விட்டுடு. நீ சின்ன வயசுலேர்ந்தே பயந்த சுபாவம். கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா, சரியாயிடும்."

அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். நான் அழுதுகொண்டு சொன்னதைக் கேட்ட யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது: பேனிக் டிஸார்டர் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆரம்பித்த முதல் சில நாளில் படபடப்பு கூடலாம் என்பது நாற்பது வருஷத்துக்கும் மேலாக மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும் என்பதும் தெரிந்ததுதான். நோயாளியிடம் அதைச் சொல்வதுதான் பல நேரம் விட்டுப்போகிறது.

நர்ஸுகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்

இந்த வகை மாத்திரைகளை "மனச்சோர்வு மாத்திரை" என்று சொல்கிறோம். அதனால் பலருக்கு முதல் குழப்பமே அங்கே தொடங்குகிறது. "எனக்கு மனச்சோர்வு இல்லையே, பயம்தானே? இதை ஏன் கொடுக்கிறார்?" அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1950களின் கடைசியில் நியூயார்க்கில் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர் வேலை பார்த்தார். அங்கே சில நோயாளிகள், திடீர் திடீரென்று "செத்துப்போகப் போகிறேன்" என்று நர்ஸுகள் இருக்கும் இடத்துக்கு ஓடி வருவார்கள். நர்ஸ் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னால் அடங்கும். பிறகு மறுபடி ஓடி வருவார்கள். அப்போதிருந்த மருந்துகள் எதுவும் அவர்களுக்கு உதவவில்லை. இமிப்ரமின் என்று ஒரு மருந்து புதிதாக வந்திருந்தது. மனச்சோர்வுக்கான மருந்து. க்ளைன் அதைக் கொடுத்துப் பார்த்தார்.

சில வாரம் ஆனது. நோயாளியைக் கேட்டால் "ஒரு மாற்றமும் இல்லை" என்றார். மருத்துவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நர்ஸுகள் வேறு சொன்னார்கள்: "முன்னே தினமும் பல தடவை எங்களிடம் ஓடி வருவார். இப்போது வருவதே இல்லை." அதாவது, தாக்குதல் நின்றுவிட்டது. "மறுபடி வந்துவிடுமோ" என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. அதனால் நோயாளிக்குத் தான் தேறியதே தெரியவில்லை.

க்ளைனும் மாக்ஸ் ஃபிங்க்கும் இதை 1962-ல் எழுதினார்கள். பேனிக் தாக்குதல் என்பது பொதுவான கவலையிலிருந்து வேறுபட்டது, அதற்குத் தனி மருத்துவம் உண்டு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பேனிக் டிஸார்டர் தனி நோயாக இடம்பெற்றது. அதே 1980களில்தான் க்ளைனின் குழுவும் மற்றவர்களும் இன்னொன்றையும் எழுதினார்கள்: பேனிக் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்து தொடங்கிய முதல் நாட்களில் உடம்பு நடுக்கம், பரபரப்பு, தூக்கமின்மை வருகிறது. மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தால் அதைக் கடந்துவிட முடிகிறது.

அன்று இமிப்ரமின். இன்று அதன் இடத்தில் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், சிடலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் என்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள். மருந்து மாறியிருக்கிறது. முதல் வாரத்துக் கதை பெரிதாக மாறவில்லை.

ஏன் முதலில் மோசமாகிறது?

மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் வேதிப்பொருட்களில் ஒன்று செரோட்டோனின். ஒரு நரம்பு அதை வெளியே விட்ட பிறகு, திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை அந்த இழுப்பைத் தடுக்கிறது. இது முதல் மாத்திரையிலிருந்தே, சில மணி நேரத்தில் தொடங்கிவிடுகிறது. ஆனால் பலன் வர வாரக்கணக்கில் ஆகிறது. காரணம், கூடிவிட்ட செரோட்டோனினுக்கு ஏற்ப நரம்புகளின் வாங்கிகள் தங்களை மெதுவாகத்தான் மாற்றிக்கொள்கின்றன. முழு விளக்கம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆனாலும் நோயாளிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகு வரும்.

செரோட்டோனின் மூளையில் மட்டும் இல்லை. உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. அதனால்தான் முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு. கூடவே தலைவலி, வியர்வை, லேசான நடுக்கம், தூக்கம் கெடுவது.

மனச்சோர்வுக்காக இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்கு இவையெல்லாம் ஒரு தொல்லை, அவ்வளவுதான். பேனிக் உள்ளவருக்கு அப்படி இல்லை. எங்களுக்கு உடம்பில் ஒரு சின்னத் துடிப்பு கூடினாலே மனசு உடனே அதைப் பிடித்துக்கொள்ளும். "நெஞ்சு வேகமா அடிக்குதே, வந்துடுச்சா?" அந்தப் பயமே துடிப்பை இன்னும் கூட்டும். கூடிய துடிப்பு பயத்தைக் கூட்டும். பத்து நிமிஷத்தில் அது உச்சத்துக்குப் போய்விடும். பேனிக் நோயின் சுழலே இதுதான். மாத்திரையால் வரும் லேசான நடுக்கம் நேராக அந்தச் சுழலுக்குள் போய் விழுகிறது. மாத்திரையின் பக்கவிளைவும் நோயின் அறிகுறியும் ஒரே முகத்தோடு வருகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் முடியாது.

இதனால்தான் பேனிக்குக்கு வழக்கமான அளவில் பாதியில் தொடங்க வேண்டும் என்பது பொது விதி. செர்ட்ராலின் என்றால் முதல் வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50. எஸ்சிடலோபிராம் என்றால் முதல் வாரம் 5, பிறகு 10. ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் என்றால் 10-ல் ஆரம்பம். உடம்பு ரொம்பத் துடிப்பானது என்றால் டாக்டர் இதைவிடக் குறைத்தும் தொடங்குவார். எனக்கு எழுதியது 50. பலருக்கு அது பிரச்சினை இல்லாமல் போகும். எனக்குப் போகவில்லை.

வாரக் கணக்கு

எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. பொதுவான வரிசை இப்படி இருக்கும்.

முதல் வாரம் குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு, சிலருக்குப் பரபரப்பு. பலருக்கு ஒன்றுமே இருக்காது. இரண்டாம் வாரத்தில் இவை குறையத் தொடங்கும். ஆனால் பேனிக் குறைந்திருக்காது. "தொந்தரவும் போயிடுச்சு, பலனும் இல்லை" என்று அலுத்து நிறுத்துகிறவர்கள் இங்கேயும் உண்டு. மூன்று, நான்கு, ஐந்தாம் வாரங்களில் தாக்குதல்களின் எண்ணிக்கையோ கடுமையோ குறைய ஆரம்பிக்கும். சரியான அளவில் முழுப் பலனைப் பார்க்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். பாலத்துக்குப் போகாமல் இருப்பது, வரிசையில் நிற்காமல் இருப்பது போன்ற தவிர்ப்புப் பழக்கங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போகும். அதற்கு மாத்திரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதலில், மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் நோயாளியைத் திரும்பப் பார்க்க வேண்டும், பிறகு 4, 6, 12 வாரங்களில் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. காரணம் புரிகிறதா? முதல் இரண்டு வாரத்தில்தான் ஆள் நழுவிப் போகிறார்.

நம்மிடம் மட்டும் இருக்கும் சிக்கல்

மாத்திரையைப் பாதியில் விடுவது தமிழர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ஆனால் நம் வீடுகளில் அது நடக்கும் விதத்துக்குச் சில தனிக் காரணங்கள் உண்டு.

முதலாவது, சொல். "பேனிக்" என்பதற்கு நம் அன்றாடப் பேச்சில் ஒரு வார்த்தை கிடையாது. பீதி என்பது பேப்பர் பாஷை. "பயமா இருக்கு" என்று மொழிபெயர்த்தால் "எதுக்குப் பயம்? இங்க என்ன புலியா இருக்கு?" என்று கேட்பார்கள். நாம் சொல்வதெல்லாம் "நெஞ்சு படபடங்குது", "கேஸ் பிடிச்சுக்கிச்சு", "மயக்கம் வர்ற மாதிரி இருக்கு". யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்கள் "பதகளிப்பு" என்ற நல்ல சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். மனத்துயர் நம் மக்களிடம் உடம்பு வலியாகவே வெளிப்படுவதை, போரின் மனவடுக்கள் பற்றி எழுதிய மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உடம்பு மொழியில் நோயைச் சொல்கிறவர், மாத்திரையையும் உடம்பு மொழியில்தான் அளப்பார். உடம்பு கெட்டதா, அப்போ மருந்து தப்பு. கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, போன். நமக்கு ஒரு தொந்தரவு என்றால் முதல் ஆலோசகர் இரண்டாயிரம் டாலர் டிக்கெட் தூரத்தில் இருக்கிறார். அவரால் நம் முகத்தைப் பார்க்க முடியாது, குரலைத்தான் கேட்க முடியும். மூன்றாம் நாள் குரலைக் கேட்டால் யாரும் "விட்டுடு" என்றுதான் சொல்வார்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. "விட்டுடு" என்பதற்குப் பதிலாக "டாக்டருக்கு ஒரு போன் போட்டியா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

மூன்றாவது, பக்கத்து வீட்டு மருந்துப் பெட்டி. நான் நிறுத்திய வாரம் ஒரு தோழி ஊரிலிருந்து கொண்டுவந்த அல்பிரஸோலம் அட்டையை நீட்டினாள். "இது போட்டா அரை மணி நேரத்துல அமைதியாயிடும்." உண்மைதான், ஆகும். ஆனால் அந்த வகை மருந்து பழக்கத்துக்கு அடிமையாக்கும். நீண்ட நாள் பார்த்தால் பேனிக் நோய்க்கு நல்ல முடிவு தருவதில்லை. சில டாக்டர்கள் முதல் இரண்டு வாரத்தைத் தாண்ட அந்த வகையில் ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பது உண்டு. அதை அவர் கண்காணிப்பில் எடுப்பது வேறு, அடுத்தவர் அட்டையிலிருந்து பிய்த்துப் போடுவது வேறு.

நான்காவது, இரண்டாம் தலைமுறை. யூனிவர்சிட்டியில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் இந்த மாத்திரையை ஸ்கூல் பேக்கில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் தெரிந்தால் "எங்க வளர்ப்புல என்ன குறை?" என்ற கேள்வி வரும் என்ற பயம். அந்தப் பிள்ளை மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்பும்? இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது வெறும் வருத்தமான கேள்வி இல்லை, ஆபத்தான கேள்வி. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த ஊரே இதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டது சமீபத்தில்தான். ஆல் பிளாக்ஸ் அணியின் நட்சத்திரம் ஜான் கிர்வான், ஆக்லாந்துக்காரர், தன் மனச்சோர்வையும் பதற்றத் தாக்குதல்களையும் பற்றி டி.வி. விளம்பரங்களில் வெளிப்படையாகப் பேசினார். 2010-ல் புத்தகமும் எழுதினார். அவ்வளவு பெரிய ரக்பி வீரரே சொல்கிறாரே என்று பல கிவி ஆண்கள் டாக்டரிடம் போனார்கள். நம் ஆண்கள் இன்னும் "கேஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மருந்து எழுதும் அன்றே கேட்க வேண்டியவை

நான் இன்று திரும்பப் போனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் இவற்றைக் கேட்பேன். எழுதி எடுத்துப் போங்கள்.

ஒன்று: "எனக்கு பேனிக் இருக்கிறது. பாதி அளவில் தொடங்கலாமா?" 

இரண்டு: "முதல் இரண்டு வாரம் என்னென்ன வரலாம்? படபடப்பு கூடினால் நான் என்ன செய்யணும்? யாருக்குப் போன் போடணும்?" 

மூன்று: "காலையில் சாப்பிடுவதா, ராத்திரியா?" தூக்கம் கெடுபவர்களுக்குப் பெரும்பாலும் காலைதான் நல்லது. சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். 

நான்கு: "நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு சேருமா?" வலிக்குத் தரும் டிரமடால், ஒற்றைத் தலைவலிக்கான சில மாத்திரைகள், ரத்தத்தை இளக்கும் மருந்துகள், கடையில் சும்மா கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த சித்த, ஆயுர்வேத மருந்தையும் மறைக்காதீர்கள். 

ஐந்து: "அடுத்த அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரத்துக்குள் கிடைக்குமா? இல்லாவிட்டால் நர்ஸ் போனில் பேசுவாரா?"

கூடவே ஒரு சின்ன விஷயம். முதல் இரண்டு வாரம் டிகாக்ஷன் காபியைக் குறையுங்கள். காபியே பேனிக்கைத் தூண்டக் கூடியது. நான் தினம் நாலு டம்ளர் ஆள். அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பொறுக்கக் கூடாத அறிகுறிகள்

"பொறுத்துக்கோ" என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை தப்பான கட்டுரை.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, மருந்து தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் இந்த எச்சரிக்கையைக் கட்டம் போட்டு அச்சிடச் சொன்னது. 2007-ல் அதை 24 வயது வரை நீட்டித்தது. ஆகவே இளையவர்கள் தனியாக, ரகசியமாக இதைத் தொடங்கக் கூடாது. அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, ஃபிளாட்மேட் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எந்த வயதானாலும் சாகத் தோன்றினால் அன்றே சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 111.

தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகம், தாறுமாறான செலவு, பேச்சில் வேகம், இவையும் பொறுக்கக் கூடாதவை. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்துக் குழப்பம் வருவது, இவற்றுக்கும் உடனே உதவி தேடுங்கள். பரபரப்பு தாங்க முடியாத அளவுக்குப் போனாலும் போன் போடுங்கள். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். அது தோல்வி இல்லை.

இன்னொன்று. நெஞ்சுவலி முதல் தடவை வரும்போது "இது பேனிக்தான்" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. தெற்காசியர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முதலில் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனசைப் பார்க்க வேண்டும்.

இங்கே கிடைப்பவை

இந்த மாத்திரைகள் பார்மாக் மானியத்தில் வருபவை. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான பெரியவர்கள் ஒரு மருந்துச் சீட்டு உருப்படிக்கு 5 டாலர் கட்ட வேண்டும். கம்யூனிட்டி சர்வீசஸ் கார்டு இருந்தால் அதுவும் இல்லை. பார்மசியில் இருக்கும் மருந்தாளுநரிடம் கேள்வி கேட்க அப்பாயின்ட்மென்டும் வேண்டாம், காசும் வேண்டாம். பல ஜி.பி. கிளினிக்குகளில் ஹெல்த் இம்ப்ரூவ்மென்ட் ப்ராக்டிஷனர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு 1737-க்கு போன் போடலாம், மெசேஜும் அனுப்பலாம், இலவசம். மருந்து பற்றிய சந்தேகத்துக்கு ஹெல்த்லைன் 0800 611 116 எந்நேரமும் உண்டு. ஏஷியன் ஃபேமிலி சர்வீசஸ் இந்தி உட்பட சில ஆசிய மொழிகளில் ஆலோசனை தருகிறது.

ஆங்கிலம் சரளமில்லாத பெற்றோருக்கு, 1996 முதல் நடைமுறையில் இருக்கும் நோயாளிகள் உரிமைச் சட்டம், நியாயமாக முடிகிற இடங்களில் தகுதியான மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமையைத் தருகிறது. தயவுசெய்து பதினைந்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அம்மா "சாகணும்போல இருக்கு" என்பதை எந்தப் பிள்ளை இங்கிலீஷில் சொல்லும்?

மாத்திரைதான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. சி.பி.டி. என்ற சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பேனிக்குக்கு மாத்திரைக்கு நிகராக வேலை செய்கிறது. ஜஸ்ட் எ தாட் என்ற நியூசிலாந்து இணையதளத்தில் அந்தப் பயிற்சி இலவசம். மாத்திரைக்கு முதல் வாரத்துக்கு அப்புறமும் தொல்லைகள் உண்டு. தாம்பத்திய ஆசை குறைவது அதில் ஒன்று, வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் அடித்த மாதிரி உணர்வு வரலாம். அதனால் நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அம்மா சொன்ன "ஆரம்பிச்சா விட முடியாது" என்பதற்கு இதுதான் சரியான பதில்: விடலாம், மெதுவாக. இத்தனையும் தெரிந்த பிறகு "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் முடிவு செய்தால் அது அவர் உரிமை. தெரியாமல் மூன்றாம் நாள் விடுவதுதான் எனக்கு வலிக்கிறது.

இரண்டாவது தடவை

ஐந்து மாதம் நான் பாலத்தைத் தவிர்த்தேன். வெஸ்ட்கேட், ஹாப்ஸன்வில் வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம். அந்த வழியிலும் ஒரு பாலம் இருக்கிறது, ஆனால் அது சின்னது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கடைசியில் வேறொரு விஷயத்துக்காகப் பார்மசிக்குப் போனபோது, அங்கிருந்த பெண் என் பழைய ரெக்கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செர்ட்ராலின் ஒரு தடவைதான் வாங்கியிருக்கிறீர்கள். என்ன ஆச்சு?" மூன்றாம் நாள் கதையைச் சொன்னேன். "யாராவது முன்கூட்டியே சொன்னார்களா, இப்படி வரலாம் என்று?" என்று கேட்டார். இல்லை என்றேன். "டாக்டரிடம் போய்ப் பாதி மாத்திரையில் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். பாதியில் தொடங்கினோம். மூன்றாம் நாள் அந்த மோட்டார் மறுபடி ஓடியது, முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக. ஆனால் இந்தத் தடவை அதற்குப் பெயர் தெரியும், கெடு தெரியும். ஃபிரிட்ஜ் கதவில் காலண்டர் ஒட்டி நாள் நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் ராத்திரி முழுசாகத் தூங்கினேன்.

ஆறாவது வாரம், "ஒரு வித்தியாசமும் தெரியலைங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீ கார்லேர்ந்து எனக்குப் போன் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த நர்ஸுகளைப் போல, அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

இப்போது பாலத்தில்தான் போகிறேன். அம்மாவும் இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "ரெண்டு வாரம் பொறுக்கணுமாம், முடியலைன்னா டாக்டருக்குப் போன் பண்ணணுமாம்" என்று சொல்கிறாராம். உங்கள் வீட்டில் யாராவது இந்த வாரம் "ஒத்துக்கல" என்று சொன்னால், எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்.